வெளிநாட்டில் மடிக்கணினிக்கு இணையம்: எந்த வழி கட்டுப்படியாகும்?

ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு, பத்து நாளுக்குப் போதும் என்று கணக்குப் போட்டு 5 ஜிபி டேட்டா வாங்கியிருந்தேன். முதல் நாள் இரவு மடிக்கணினியைப் போனின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்து, இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிவிட்டு, அப்படியே திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால் 5 ஜிபியும் தீர்ந்திருந்தது. கிளம்புவதற்கு முன் கேமராவிலிருந்து கணினிக்கு மாற்றிய புகைப்படங்களையெல்லாம் அது இரவோடு இரவாக கிளவுடுக்கு ஏற்றியிருக்கிறது. கூடவே ஒரு பெரிய அப்டேட்டையும் இறக்கியிருக்கிறது. அறிமுகமில்லாத ஊரில், கையில் வரைபடம்கூடத் திறக்காத நிலையில் அந்தக் காலைப்பொழுது தொடங்கியது.

எந்த சிம் மலிவு, எந்த பேக் லாபம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தான் மொபைல் டேட்டாவில் ஓடுகிறோம் என்று போனுக்குத் தெரியும். அதனால் அது கொஞ்சம் அடக்கமாக நடந்துகொள்ளும். மடிக்கணினிக்கு, நாம் சொன்னாலொழிய, அது பெரும்பாலும் தெரியாது. போனின் ஹாட்ஸ்பாட்டும் அதற்கு இன்னொரு வைஃபைதான். வீட்டில் எப்படித் தாராளமாகச் செலவழித்ததோ அப்படியே இங்கும் செலவழிக்கும். ஒரு ஜிபிக்கு என்ன விலை என்று நாலு இடத்தில் விசாரித்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஓர் இரவில் போய்விடும். வழிகளை ஒப்பிடும்போது இதை மனதில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

முதலில், எவ்வளவு தேவைப்படும்? மின்னஞ்சல், ஆவணங்கள், செய்தித் தளங்கள் என்று இருப்பவருக்கு, பின்னணி வேலைகளை நிறுத்திவிட்டால், நாளுக்கு அரை ஜிபி தாராளம். வீடியோ அழைப்பு வந்ததும் கணக்கு மாறிவிடும். படத்தின் தரத்தையும் திரையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் பொறுத்து மணிக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை போகும். அதே அழைப்பை எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு வெறும் குரலில் பேசினால் மணிக்கு 100 எம்பியைத் தாண்டாது. நெட்ஃபிளிக்ஸில் படம் பார்த்தால் மணிக்குச் சாதாரணத் தரத்தில் 1 ஜிபி, எச்டியில் 3 ஜிபி, 4கே தரத்தில் 7 ஜிபி வரை ஆகும். ஆகவே படம் பார்ப்பதைத் தங்குமிடத்து வைஃபைக்கு ஒதுக்கிவிடுங்கள், அல்லது கிளம்பும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் டேட்டா வேலைக்கும் வழிக்கும் மட்டும் இருக்கட்டும்.

சொந்த எண்ணிலேயே ரோமிங்

இருப்பதில் சுலபமானது இதுதான். விமானம் இறங்கியதும் போனை இயக்கினால் போதும். பழைய எண் அப்படியே இருக்கும், வங்கி அனுப்பும் ஓடிபி வரும், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு, உங்கள் நிறுவனம் அந்த நாட்டுக்கு ரோமிங் பேக் தருகிறது என்றால், வேறு எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. நேரத்துக்கும் விலை உண்டு.

பேக் போடாமல் போனால்தான் ஆபத்து. எம்பி கணக்கில் பணம் பிடிக்கும் ரோமிங்கில் ஒரு மடிக்கணினியை இணைப்பது, திறந்த குழாயின் கீழ் ஓட்டை வாளியை வைப்பது போல. அதைவிட மோசம் கப்பலும் விமானமும். கரையைத் தாண்டியதும் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அது எந்த நாட்டின் பேக்கிலும் அடங்காது. கட்டணமோ தரையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. கப்பல் ஏறியதும் ஃபிளைட் மோடு போட்டுவிட வேண்டும்.

ஐரோப்பாவுக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும், கூடவே நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைனிலும், உள்ளூர்க் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். 2022இல் இந்த விதியை 2032 வரை நீட்டித்தார்கள். டேட்டாவுக்கு நியாயமான பயன்பாட்டு வரம்பு என்று ஒன்று உண்டு. அதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் இல்லை. பிரிட்டனும் இப்போது இல்லை. ரயிலில் எல்லை தாண்டும்போது இது கண்ணுக்குத் தெரியாது, பில்லில்தான் தெரியும்.

இலவச வைஃபை

தங்குமிடம், விமான நிலையம், நூலகம், காபிக் கடை என்று வைஃபை இல்லாத இடம் குறைவு. இதை மட்டுமே நம்பிப் பல வாரம் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். அவசரம் இல்லாத வேலைக்கு இது போதும். குறித்த நேரத்தில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டியவர் இதை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கருத்து. இரவு ஒன்பது மணிக்கு விடுதியில் இருப்பவர்கள் எல்லாரும் அறைக்குத் திரும்பிப் படம் பார்க்க உட்காரும்போது, காலையில் பறந்த அதே இணைப்பு நகர மறுக்கும்.

பாதுகாப்பைப் பற்றிய பயம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற குறியாக்கப்பட்ட இணைப்பு வழியாக இயங்குவதால், நடுவில் இருப்பவரால் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைக் கணிக்க முடியுமே தவிர, உள்ளே தட்டச்சு செய்வதைப் படிக்க முடியாது. ஆனால் சான்றிதழ் பிழை என்று உலாவி எச்சரித்தால் அதைத் தாண்டிப் போகவே கூடாது. கடையின் பெயரிலேயே யாராவது போலி வைஃபை வைத்திருக்கலாம் என்பதால், பெயரை அங்கே வேலை செய்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வதும் நல்லது. அலுவலக வேலைக்கு விபிஎன் (உங்கள் டேட்டாவைக் குறியாக்கித் தனிப் பாதையில் அனுப்பும் மென்பொருள்) போட்டுக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியில் அடிக்கடி வரும் ஒரு தொல்லை, வைஃபை இணைந்த பிறகும், அறை எண்ணையோ கடவுச்சொல்லையோ கேட்கும் உள்நுழைவுப் பக்கம் திறக்காமல் அடம்பிடிப்பது. பெரும்பாலும் விபிஎன் அல்லது நாம் கையால் மாற்றி வைத்த டிஎன்எஸ் (தளத்தின் பெயரை அதன் இணைய முகவரியாக மாற்றித் தரும் சேவை) அமைப்புதான் காரணம். இரண்டையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, எச்டிடிபிஎஸ் இல்லாத ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்ற தளத்தை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் விபிஎன்னை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

மாணவராகவோ பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவராகவோ இருந்தால் எடுரோம் உங்களுக்குக் கிடைக்கிறதா என்று ஊரிலேயே விசாரியுங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தோன்றி, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் ஏற்பாடு இது. உங்கள் கல்வி நிறுவனத்துக் கணக்கை வைத்தே வேறொரு நாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் இலவசமாக இணையலாம். ஆனால் அமைப்பை ஊரிலிருந்து கிளம்பும் முன் மடிக்கணினியில் போட்டு, ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

பயண இ-சிம்

கடந்த சில ஆண்டுகளில் நிலைமையை உண்மையிலேயே மாற்றியது இதுதான். இ-சிம் என்பது அட்டையாகச் செருகாமல், போனுக்குள் மென்பொருளாகவே ஏற்றிக்கொள்ளும் சிம். ஐஃபோன்களில் 2018இல் வந்த தலைமுறையிலிருந்து இ-சிம் இருக்கிறது. நடுத்தர, உயர்தர ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இருக்கிறது. ஆப்பில் பணம் கட்டி, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சில நிமிடத்தில் இன்னொரு நாட்டின் டேட்டா இணைப்பு போனுக்குள் வந்துவிடும். பழைய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் ஓடிபி அதில் வரும், இணையம் இதில் ஓடும். குறுஞ்செய்தி பெறுவதற்கு உங்கள் நிறுவனம் கட்டணம் வாங்குகிறதா என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே தொடரும்.

உங்கள் போனில் இது சாத்தியமா என்று பார்க்க *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று இன்னோர் எண் தெரிந்தால் இ-சிம் வசதி இருக்கிறது. போன் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதாக இருந்தால் இருந்தும் பயனில்லை. தவணையில் வாங்கிய போன்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இனி மடிக்கணினிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். "அன்லிமிடெட்" என்று எழுதியிருக்கும் பல இ-சிம்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு இருக்கும்: நாளுக்கு 500 எம்பி, 1 ஜிபி என்கிற மாதிரி; சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டே கிடையாது. போனில் மட்டும் பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லை. நமக்கு அந்த வரம்புதான் முழு பேக்கும். இன்னொரு வகை, நாளுக்கு 1 அல்லது 2 ஜிபி தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடும். குறைத்த பிறகு எவ்வளவு என்று பாருங்கள். 512 கேபிபிஎஸ் (நொடிக்கு 512 கிலோபிட்) என்றால் ஒரு ஜிபி இறங்க நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், மின்னஞ்சலுக்குத் தாங்கும். 128 கேபிபிஎஸ் என்றால் அதே ஒரு ஜிபிக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல். அதை இணையம் என்று சொல்ல மனம் வரவில்லை. என் தேர்வு எப்போதும் இத்தனை ஜிபி என்று நேராகச் சொல்லி, ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டு என்று எழுதியும் வைத்திருக்கும் பேக்தான். தீர்ந்தால் ரீசார்ஜ் செய்துகொள்ளலாம்.

ஹாட்ஸ்பாட் போட்டதை நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்று சிலர் கேட்பதுண்டு. ஒவ்வொரு டேட்டா பொட்டலத்திலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு சாதனத்தைக் கடக்கும்போதும் அதில் ஒன்று குறையும். மடிக்கணினியிலிருந்து போன் வழியாக வரும் பொட்டலத்தில் அது ஒன்று குறைந்திருப்பதால் தெரிந்துவிடும்.

பயண இ-சிம்மில் இன்னொரு சங்கதி, டேட்டா போகும் பாதை. இந்த இ-சிம்களில் பெரும்பாலானவை ரோமிங் முறையில் ஓடுபவை. நீங்கள் நிற்பது ஒரு நாட்டில். உங்கள் டேட்டா இணையத்துக்குள் நுழைவது இன்னொரு நாட்டில். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நுழைவாயில் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 100 மில்லி நொடி கூடுதலாகும். பக்கங்கள் திறப்பதில் இது பெரிதாகத் தெரியாது. வீடியோ அழைப்பில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும்போது தெரியும். நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாக வங்கித் தளம் நினைத்துக்கொண்டு கூடுதல் சரிபார்ப்புக் கேட்கவும் செய்யலாம்.

இதே சங்கதி சில இடங்களில் பெரிய வசதி. சீனப் பெருநிலப்பகுதியில் உள்ளூர் சிம்மிலும் தங்குமிட வைஃபையிலும் கூகுள், வாட்ஸ்அப் போன்றவை திறக்காது. வெளிநாட்டு சிம்மின் ரோமிங்கில் பொதுவாகத் திறக்கும், டேட்டா வெளியே போய்த்தான் இணையத்தைத் தொடுகிறது என்பதால். ஜிமெயிலை நம்பி வேலை செய்பவருக்கு அங்கே உள்ளூர் சிம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயன் குறைவுதான்.

உள்ளூர் சிம்

ஒரு ஜிபிக்கு விலை என்று மட்டும் பார்த்தால் பெரும்பாலான நாடுகளில் இதை அடிக்க ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்கி, தினமும் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள். டேட்டா அதிகம், வேகம் முழுதாகக் கிடைக்கும், நேராக உள்நாட்டிலேயே இணையத்துக்குள் நுழைவதால் தாமதமும் குறைவு.

அதற்கு ஈடாக உங்கள் நேரம் போகும். ஜெர்மனியில் 2017 முதல் ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம்; பிரிட்டனில் அப்படி எதுவும் கேட்பதில்லை. நாட்டுக்கு நாடு இப்படி மாறும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். விமான நிலையக் கவுன்டரில் பயணிகளுக்கென்று தனி பேக் நீட்டுவார்கள். ஊருக்குள் அதே நிறுவனத்தின் கடையில் சாதாரண பேக் பல நேரம் மலிவாக இருக்கும். முதல் நாளுக்கு மட்டும் 1 ஜிபி இ-சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கி, மறுநாள் நிதானமாக ஊருக்குள் போய் சிம் வாங்குவது எனக்குச் சரிப்பட்டு வருகிறது. இரவில் வந்து இறங்கி, அசதியோடு வரிசையில் நின்று, புரியாத மொழியில் இருக்கும் விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கத் தேவையில்லை.

நீண்ட நாள் தங்குபவர்கள் துருக்கியின் விதி ஒன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய போனில் உள்ளூர் சிம் போட்டால் 120 நாளுக்குப் பிறகு அந்தப் போன் உள்ளூர் நெட்வொர்க்கில் முடங்கும். தொடர வேண்டுமென்றால் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு சிம்மில் ரோமிங் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பாக்கெட் வைஃபையும் மற்றவையும்

ஜப்பானில் விமான நிலையத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும் சிறிய வைஃபை பெட்டிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் எப்போதும் சேர்ந்தே சுற்றும் குடும்பத்துக்கு, வாடகையைப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும். போனின் சார்ஜும் தீராது. தனி ஆளுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். தினமும் சார்ஜ் போட வேண்டிய இன்னொரு பொருள், தொலைத்தால் கட்ட வேண்டிய தொகை, திரும்பும்போது ஒப்படைக்க வேண்டிய அவசரம். அது யார் கையில் இருக்கிறதோ அவர் பின்னாலேயே மற்றவர்களும் போக வேண்டும்.

சில விண்டோஸ் மடிக்கணினிகளில் சிம் அல்லது இ-சிம் நேராகவே போடலாம். உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் ஹாட்ஸ்பாட் வரம்பு என்ற தலைவலியே இல்லை. மேக்புக்குகளில் இந்த வசதி இல்லை. செயற்கைக்கோள் இணையம், வேனில் குடியிருந்தபடி ஆளில்லாத இடங்களில் சுற்றுபவர்களுக்கானது. எல்லா நாட்டிலும் அதற்கு அனுமதியும் கிடையாது.

எதை எடுப்பது?

ஒரு வாரத்துக்குள், ஒரே நாடு, லேசான வேலை என்றால் தங்குமிட வைஃபையோடு ஒரு 3 அல்லது 5 ஜிபி இ-சிம். இரண்டு மூன்று நாடுகளை அடுத்தடுத்துச் சுற்றுகிறீர்கள் என்றால் அந்தப் பிராந்தியம் முழுவதற்குமான இ-சிம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மீந்து வீணாகும். இரண்டு வாரத்துக்கு மேல், தினமும் வீடியோ அழைப்பு என்றால் உள்ளூர் சிம். செலவு முழுவதையும் நிறுவனமே ஏற்கிறது, நாளும் குறைவு என்றால் ரோமிங் பேக். தவறவே கூடாத கூட்டம் இருக்கும் நாளில் மட்டும், எதை எடுத்திருந்தாலும் இரண்டாவதாக ஒரு வழியைத் தயாராக வைத்திருங்கள்.

ஆனால் எதை எடுத்தாலும், மடிக்கணினிக்குக் கடிவாளம் போட்ட பிறகே இணையுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குப் போய் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதை இயக்கினால் பெரும்பாலான அப்டேட்கள் இறங்காமல் காத்திருக்கும், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் நின்றுகொள்ளும். மேக்கில் வென்ச்சுரா பதிப்பிலிருந்து வைஃபை விவரங்களுக்குள் லோ டேட்டா மோடு இருக்கிறது. மற்ற கிளவுட் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வைக்க வேண்டும். இந்த அமைப்பை எல்லாமே மதித்து நடக்கும் என்று நம்ப முடியாது.

யூஎஸ்பி கேபிளால் போனை இணைப்பது வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட நல்லது. போன் சார்ஜாகும், பக்கத்து அறைகளின் வைஃபை நெரிசல் தொந்தரவு செய்யாது. ஆனால் விண்டோஸ் அதை ஈதர்நெட் இணைப்பாக எடுத்துக்கொள்ளும் என்பதால், வைஃபைக்குப் போட்ட மீட்டர் அமைப்பு அதற்குச் செல்லாது. தனியாகப் போட வேண்டும். முதன்முறை கேபிளுக்கு மாறியபோது இதைக் கவனிக்காமல் எனக்கு மறுபடியும் ஒரு ஜிபி போயிற்று. ஆண்ட்ராய்டு போனை மேக்கோடு கேபிளில் இணைத்தால் எல்லா மாடலிலும் வேலை செய்யாது, ஊரிலேயே சோதித்துவிடுங்கள். வெறும் மின்னஞ்சலுக்கு என்றால் புளூடூத் டெதரிங்கும் (போனின் இணையத்தைப் புளூடூத் வழியாகப் பகிர்வது) போதும். மெதுவாக இருக்கும், பேட்டரி நிற்கும்.

இ-சிம்மை நல்ல வைஃபை இருக்கும்போதே, அதாவது கிளம்பும் முன்பே, போனில் ஏற்றிவிடுங்கள்; ஏற்றுவதற்கே இணையம் வேண்டும். நாள் கணக்கு நிறுவியதும் தொடங்குமா, அங்கே போய் நெட்வொர்க்கைத் தொட்டதும் தொடங்குமா என்பதை வாங்கும் பக்கத்தில் போட்டிருப்பார்கள். அங்கே போய் இணைப்பு வரவில்லை என்றால் டேட்டா ரோமிங் இயங்குகிறதா, ஏபிஎன் (போன் எந்த வழியாக இணையத்துக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பதற்றத்தில் இ-சிம்மை மட்டும் அழித்துவிடாதீர்கள். பல நிறுவனங்களின் கியூஆர் குறியீடு ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும்.